நான்காம் பேய் பதில் சொன்ன மத்தியானம்

அன்று மத்தியானம் மேஜையைச் சுற்றி இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கலைவாணி. டெஸ்டிங் வேலைக்குப் பொறுப்பு அவள்தான். அவள் கணவன் செல்வம் ஒரு தண்ணீர் வியாபாரியிடம் வேலை செய்தான். அன்று காலையிலிருந்து மாரிகுப்பம் பக்கம் ஒரு சம்ப்புக்குள் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டிருந்தான். சம்ப் என்றால் நிலத்துக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டி.

நவீன். ப்ரோகிராம் எழுதுகிறவன். மற்ற நாளெல்லாம் ரயிலேறி பெங்களூர் போவான். வெள்ளிக்கிழமை மட்டும் ராபர்ட்சன்பேட்டையில் எங்களோடு உட்காருவான்.

பாபு. கீழே டீக்கடை வைத்திருந்தவர். கிளாஸ் எடுத்துப்போக மாடி ஏறி வந்தவர், பேச்சுக்கு நின்றுவிட்டார்.

நான். ஒன்பதாவது ஃபெயில். தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் ரூமில், ஆட்களை ஏற்றி இறக்கும் என்ஜினுக்கு எண்ணெய் போட்டவன். சுரங்கம் மூடிய பிறகு இந்த ஆபீசுக்கு வாட்ச்மேன். அப்புறம் டெஸ்டர்.

எப்படி டெஸ்டர் என்று கேட்பீர்கள். ஆபீஸ் முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு, தாளில் இருக்கிறபடி ஒவ்வொன்றாக அழுத்து, கண்ணில் பட்டதைச் சொல் என்றார். எனக்கு ஒன்றும் தெரியாதே என்றேன். "தெரிஞ்சவன் பள்ளத்தைத் தாண்டிப் போய்டறான் மணி. நீ உழுவே. பள்ளம் எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். விழுந்து விழுந்து பதினாறு வருடம் ஓட்டினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எதை அழுத்துவது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது அழுத்தாமல் இருப்பது பற்றி.

நாங்கள் டெஸ்ட் பண்ணியது ஒரு பேக்கேஜ் மேனேஜர். மற்ற ப்ரோகிராம்களைக் கொண்டுபோய் இறக்கி வைக்கிற ப்ரோகிராம். எங்கே எடுப்பது, யாருக்கு அனுப்புவது, இன்றைக்கு என்ன தேதி என்பதையெல்லாம் தன்னைச் சுற்றியிருக்கிற செட்டிங்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். என்விரான்மென்ட் என்பார்கள். டெஸ்டில் அதை மாற்றிவிடுவோம். இல்லாத வீட்டைக் காட்டி இதுதான் உன் வீடு என்போம். வராத தேதியை இன்று என்போம். இல்லாத பெட்டிகளின் பேரைக் கொடுத்து அனுப்பு என்போம். அது நம்பும். அனுப்பும். எங்கும் போய்ச் சேராது. பதில் பூஜ்யம் என்று வந்தால் டெஸ்ட் பாஸ்.

நிஜத்தில் அனுப்புவது மோட்டார் பெட்டிகளுக்கு. சுவரில் மாட்டுகிற சின்னப் பெட்டி. போர்வெல் மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அதுதான். செல்வத்தின் முதலாளியிடம் அப்படி ஏழு. கலைவாணி வழியாக வந்த வேலை.

அன்றைக்கு டெஸ்ட் பண்ணிய பேக்கேஜின் குணம் இது. பெட்டி முதலில் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்த மணி தொடங்கும்போது பிரித்துப் போட்டுக்கொள்ளும். போட்டதும் தானே அணைந்து எழுந்திருக்கும். எழுந்ததும் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கும். ட்ரையல் ரன். முன்னால் யார் ஆஃப் சொல்லி வைத்திருந்தாலும் அந்த நேரம் அது கேட்காது.

நவீன் பொய்ப் பட்டியலில் ஏழு பெட்டிக்கும் பேய் என்று பேர் வைத்திருந்தான். பேய் ஒன்று, பேய் இரண்டு, அப்படி. தேதியை அடுத்த மாதம் முதல் தேதிக்குத் தள்ளி வைத்திருந்தான். நான் தாளைப் பார்த்து அழுத்தினேன்.

வெளியே காற்று கிளம்பியிருந்தது. காற்று வந்தால் சயனைட் மேட்டு மண், தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண், ஊருக்குள் வரும். ஜன்னலைச் சாத்தினாலும் வரும். எதிர்க்கடை மறைந்தது. அதன் போர்டு மறைந்தது. கண்ணாடியில் சாம்பல் வெளிச்சம் மட்டும் நின்றது. அறையில் பேசினால் பக்கத்து அறையில் யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

பதில் பூஜ்யம் என்று ஸ்கிரீன் சொன்னது. தாளில் டிக் போடப் பேனாவை எடுத்தேன்.

பூஜ்யம் ஒன்றானது.

பேய் இரண்டு. இருக்கிறேன், வாங்கிக்கொண்டேன் என்று ஒரு வரி.

"இன்னா மணிண்ணா," என்றார் பாபு, "பேய்க்கெல்லாம் ரீசார்ஜ் யாரு பண்றாங்க?"

"பழைய பதில் அங்கிள்," என்றான் நவீன். "எங்கியோ ஒட்டிக்கினு கீது. தொடச்சிட்டு மறுபடி ஓட்டுங்க."

துடைத்தான். ஓட்டினேன். பூஜ்யம். கொஞ்ச நேரம் பூஜ்யமாகவே இருந்தது. பிறகு பேய் ஐந்து. இருக்கிறேன். பிறகு பேய் இரண்டு, மறுபடியும். யாரும் சிரிக்கவில்லை. இல்லாத ஆளைக் கூப்பிட்டு விளையாடும்போது உள்ளேயிருந்து குரல் வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

கலைவாணி குனிந்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"ண்ணா, தேதியப் பாருங்க."

பார்த்தேன். கேள்வி போனது அடுத்த மாதம் முதல் தேதி. பதில் வந்தது இன்றைக்கு.

"நாம கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிக்கினு கீது," என்றாள்.

அப்போது நான்காம் பேய் வந்தது. இருக்கிறேன், வாங்கிக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வைண்டிங் ரூமில் நான் எண்ணெய் போட்ட காலத்தில் ஒரு டிரைவர் இருந்தார். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் அவர் கையில். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஷாஃப்ட், அதாவது சுரங்கக் குழி, கண்ணுக்குத் தெரியாது, ஆளும் தெரியாது. கீழேயிருந்து மணி அடிக்கும், அதை வைத்துத்தான் லீவரை ஆட்டுவார். ஒரு நாள் மூடிப்போன ஒரு லெவலிலிருந்து, பூமிக்கடியில் ஓர் அடுக்கிலிருந்து, மணி வந்தது. தூக்கு என்கிற மணி. அந்த லெவலில் ஆள் போய் வருடங்கள் ஆகிவிட்டன. ஃபோர்மேன், "தண்ணி பட்டு ஷார்ட்டாகி அடிக்குதுய்யா, நீ ஆட்டு" என்று கத்தினார். டிரைவர் லீவரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அடிச்சது யாருன்னு தெரியட்டும். அப்புறம் ஆட்டறேன்." அவ்வளவுதான் சொன்னார். ஷிப்ட் முழுக்க அவரைத் திட்டினார்கள். அந்த நேரம் வேறொரு லெவலில் ஒருவர் கேஜில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அது பிறகுதான் தெரிந்தது. மணி அடித்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"யாரு இது?" என்றேன்.

நவீன் செட்டிங்கைத் திறந்து மேலிருந்து கீழ் வரை பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. பிறகு சொன்னான். நாங்கள் பொய் சொன்னது முன்னால் நிற்கிற ப்ரோகிராமிடம். அனுப்புகிற வேலையை அது செய்வதில்லை. பின்னால் இன்னொன்று இருக்கிறது, அதனிடம் கொடுத்துவிடும். அந்தப் பின்னால் இருப்பது காலையில் நிஜமான வேலைக்காக எழுப்பியது. எழும்போது எந்தச் செட்டிங்கைப் பார்த்ததோ அதையே பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் பிறகு சொன்ன பொய் எதுவும் அதன் காதுக்குப் போகவில்லை. அதற்குத் தேதி இன்றைய தேதி. பட்டியல் நிஜப் பட்டியல். முன்னால் இருப்பது மட்டும் அதற்குப் பேய் என்று பேர் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது.

"நாலாம் நம்பர் எது?" என்று கேட்டேன்.

கேட்டிருக்க வேண்டாம். கலைவாணி ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். மாரிகுப்பம் சம்ப். செல்வம் உள்ளே. அந்த மோட்டார் இறைக்கும் தண்ணீர் அந்த சம்ப்பில்தான் விழும்.

"தண்ணிதானே," என்றார் பாபு. "ஏறி வந்துடுவாங்க."

"லைட் வயர் இட்டுக்கினு உள்ள போயிருக்காங்க," என்றாள் அவள். "டேப் சுத்துன வயரு, தண்ணி பட்டா ஷாக்கு. காலைல அதத்தான் சுத்திக்கினு இருந்தாரு."

மணி மூன்றரை தாண்டியிருந்தது. நாலு மணிக்குப் பெட்டி பேக்கேஜைப் பிரிக்கும்.

நவீன் கையை நீட்டினான். "அன்இன்ஸ்டால் அடிச்சிட்டா போச்சி அங்கிள். நிஜப் பெட்டின்னு தெரிஞ்சிப் போச்சே. ஒரே கமாண்ட்."

"அடிச்சா பெட்டி இன்னா பண்ணும்?"

"பேக்கேஜ வெளிய தூக்கிப் போட்டுடும்."

"தூக்கிப் போட்டா?"

"ரீஸ்டார்ட் ஆவும்."

"ஆனா?"

அவன் கை அந்தரத்தில் நின்றது. ட்ரையல் ரன். எழுந்தால் ஓட்டும். அன்இன்ஸ்டால் பண்ணினால் நாலு மணி வரை கூடக் காத்திருக்காது.

கலைவாணி அவன் மணிக்கட்டைப் பிடித்து மேஜைக்கு வெளியே வைத்தாள். குழந்தையின் கையைப் பாத்திரத்திலிருந்து எடுத்து வைப்பது மாதிரி. "யாரும் தொடக்கூடாது," என்றாள். குரல் உயரவில்லை. அவள் தொட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. உள்ளே இருப்பது அவள் புருஷன்.

செல்வத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருப்பான். அவன் முதலாளியின் போன் பிஸி. மறுபடி பிஸி.

"பாபு, வண்டி எங்க?"

"கீழதாண்ணா."

"நீ போன்ல இரு," என்று கலைவாணியிடம் சொன்னேன். "ஸ்கிரீனப் பாத்துக்கினே இரு. நான் லைன கட் பண்ண மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்கிரீனில் என்ன நடக்கிறது என்று படித்துச் சொல்ல அவளைத் தவிர ஆள் இல்லை. நவீனை விட்டால் மறுபடி எதையாவது அழுத்துவான். உட்கார்ந்ததுதான் அன்று நடந்ததிலேயே பெரிய வேலை. நான் வண்டியில் போனது சின்ன வேலை.

பாபுவின் மொபெட்டில் போனோம். பகலிலேயே லைட் போட்டுக்கொண்டு போனோம். மண் பல்லில் அரைபட்டது. எதிரில் வந்த பஸ் பக்கத்தில் வந்த பிறகுதான் பஸ் என்று தெரிந்தது. மாரிகுப்பம் பக்கம் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய பழைய லைன் வீடுகளின் சுவர்கள் மட்டும் நின்றன. ஷாஃப்ட் கோபுரம் தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. காதில் வைத்த போனில் கலைவாணி மூச்சு விடுவது கேட்டது.

சம்ப் இருந்த இடத்தில் தண்ணீர் வண்டி நின்றது. முதலாளி புங்க மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். கல்யாண மண்டபத்துக்காரரோடு. அவர் போன் ஏன் பிஸி என்று தெரிந்தது.

நான் அவரிடம் போகவில்லை. மோட்டார் ரூம் சுவரில் மெயின் இருந்தது. கைப்பிடியை இழுத்து இறக்கினேன். பெட்டியில் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது.

ஏன் அவர்களே மெயினை இறக்கிவிட்டு வேலை செய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இறக்கினால் உள்ளே லைட் எரியாது. அதனால் மோட்டாரை மட்டும் பெட்டியில் ஆஃப் சொல்லிவிட்டு இறங்கினார்கள். பெட்டி ஆஃப் என்று காட்டியது. நம்பினார்கள். நாங்களும் ஸ்கிரீனில் பேய் என்று போட்டிருந்ததை நம்பினோம்.

சம்ப் வாயிலிருந்து சத்தம். "எவன்டா லைட்ட அணைச்சது?" செல்வம் ஏணியில் ஏறி வந்தான். இடுப்பு வரை சேறு. அவன் பின்னால் வேலைக்கு வந்த இன்னொருவன், முனி. என்னைப் பார்த்ததும் செல்வம் கோபத்தை விழுங்கினான். "மணிண்ணா? நீங்க இன்னா இங்க?"

"வந்துட்டான்," என்று போனில் சொன்னேன்.

கலைவாணி அழவில்லை. ஒரு மூச்சு மட்டும் நீளமாக வந்தது.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். பாதிதான் கேட்டார். "சரி, ரெண்டு பேரும் மேல வந்துட்டாங்க இல்ல? மெயின ஏத்து. போர் ஓட்டி வண்டிக்குப் புடிக்கணும். மண்டபத்துல சமையல்காரன் கத்திக்கினு கீறான்."

நியாயமான பேச்சு. ஆள் மேலே வந்தாயிற்று. மோட்டார் ஓடினால் யாருக்கு என்ன? நானே கைப்பிடியில் கை வைத்துவிட்டேன்.

போனில் கலைவாணி கூப்பிட்டாள். "ண்ணா."

"சொல்லு."

"மெயின் இறக்கிட்டீங்களா?"

"இறக்கிட்டேன்."

"பெட்டி அணைஞ்சிடுச்சா?"

"அணைஞ்சிடுச்சி."

"பேய் நாலு இன்னும் பதில் சொல்லிக்கினு கீது ண்ணா." ஸ்கிரீனைப் படித்தாள். "இருக்கிறேன், இருக்கிறேன்னு. இப்பகூட ஒண்ணு வந்துச்சி."

பெட்டியைப் பார்த்தேன். விளக்கு இல்லை. தொட்டுப் பார்த்தேன். சூடு ஆறிக்கொண்டிருந்தது. பாட்டரி எதுவும் அதற்குக் கிடையாது. அது எப்படிப் பதில் சொன்னது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நவீன் பிறகு ஒரு காரணம் சொன்னான். ஒரு வாரம் கழித்து அவனே வந்து, அது காரணமாக இருக்க முடியாது அங்கிள் என்றான்.

அப்போது காரணம் தேட நேரமில்லை. அடித்தது யார் என்று தெரியாமல் ஆட்டக்கூடாது. அது மட்டும் தெரியும். கைப்பிடியை விட்டுவிட்டு, மெயினுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

"இன்னாய்யா மறைச்சிக்கினு நிக்கற?" என்றார் முதலாளி.

"கொஞ்சம் இருங்க."

"இன்னாத்துக்கு இருக்கணும்? ஆபீஸ்ல எவனோ தப்பு பண்ணுவான், என் தண்ணி நிக்கணுமா?"

சுற்றிலும் பார்த்தேன். மரம். வண்டி. மண் அடித்து வெளுத்த தரை. சம்ப் வாய் ஓரம் வரிசையாகச் செருப்பு விட்டிருந்தார்கள். ஒரு ஜோடி செல்வத்தினுடையது. ஒரு ஜோடி முனியுடையது, அவன் அதில் காலை நுழைத்துக்கொண்டிருந்தான். இன்னொரு ஜோடி டயர் செருப்பு. வார் அறுந்து கம்பி கட்டியது.

"அது யாருது?"

"கன்னியப்பன் பெரியவருது," என்றான் செல்வம். "சோத்துக்கு அப்புறம் கூட ஒரு ஆளுன்னு கூப்ட்டேன். கொஞ்ச நேரம் வாரினாரு. பீடி புடிச்சிட்டு வரேன்னு அப்பவே மேல போய்ட்டாரே."

"ஊட்டுக்குப் போயிருப்பான்யா," என்றார் முதலாளி. "அரை நாள் வேலைக்கு அந்த ஆளு எப்பவும் அப்படித்தான்."

"செருப்பில்லாமயா?"

தரை முழுக்க வேலிக்காத்தான் முள்.

"இதுக்கு வேற வாய் கீதா?" என்றேன்.

இருந்தது. தொட்டியின் நடுவில் ஒரு சுவர், அடியில் தண்ணீர் போக ஓர் ஓட்டை; லைட் வயரை அதன் வழியாக அந்தப் பக்கமும் இழுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துக்குத் தனி வாய், வண்டிக்குப் பின்னால். மேல் பலகை பாதி நகர்ந்திருந்தது. செல்வம் ஓடினான். பெயர் சொல்லிக் கத்தினான். உள்ளே அவன் குரல்தான் சுற்றிக்கொண்டு வந்தது. முனி கத்தினான். ஒன்றும் இல்லை. பாபு குப்புறப் படுத்து போன் லைட்டை உள்ளே நீட்டினார்.

லைட் சேற்றின் மேல் போனது. சுவரில் போனது. மூலையில் இரண்டு கண் மின்னியது.

பாபு கையை உதறி எடுத்துவிட்டார். மறுபடி நீட்டச் சொன்னேன். ஒரு கிழவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முட்டியின் மேல். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் மூடித் திறந்தது. வாய் அசையவில்லை. அவர் காலுக்குப் பக்கத்தில் டேப் சுற்றிய வயர் ஈரத்தில் கிடந்தது.

நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தேன். அவர் மெயினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

செல்வம் இறங்கிப் போய்த் தோளைத் தொட்டான். கிழவர் திடுக்கிட்டு எழுந்தார். சுரங்கத்தில் டிரில்லராக இருந்தவராம். மெஷின் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டது. பீடி பிடித்துவிட்டு வந்தவர், இந்த வாய்தான் கிட்டே இருக்கிறது என்று இதன் வழியாகவே இறங்கியிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கத்தியது அவருக்குக் கேட்கவில்லை.

மேலே வந்ததும் எங்கள் முகத்தையெல்லாம் பார்த்தார். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"லைட் போச்சி," என்றார். காது கேட்காதவர் பேசுகிற மாதிரி சத்தமாக. "உக்காந்துக்கினேன். அடில லைட் போனா நவரக்கூடாது. இருந்த எடத்துல உக்காரணும். லைட்டு வர வரைக்கும்."

முனி அவர் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தான்.

பின்னால் இருக்கும் ப்ரோகிராமைத் தூங்கப்பண்ணி, பொய்ச் செட்டிங்கிலேயே மறுபடி எழுப்பிய பிறகுதான் டெஸ்ட் தொடங்க வேண்டும் என்று உங்கள் தாளில் முதல் வரி இருக்கிறதல்லவா, அது அடுத்த நாள் கலைவாணி எழுதியது. அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். செய்துவிட்டுப் போங்கள். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஒன்று வந்தால், மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். துடைக்காதீர்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு, யார் என்று கேளுங்கள்.

காற்று அடங்க ஆரம்பித்திருந்தது. போன் இன்னும் என் கையில் இருந்தது. அதை மறந்துவிட்டிருந்தேன். காதில் வைத்தேன்.

"ண்ணா, இன்னா ஆச்சி? பதில் நின்னு போச்சி. ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல," என்றாள் கலைவாணி. "எல்லாம் மேல வந்துட்டாங்களா? எத்தினி பேரு?"

"மூணு."